போனுக்கு ஞாயிறு லீவு

பழனியப்பன் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோன நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அடிக்குதுங்க," என்றாள் இராஜம்.

"எனக்கும் காது இருக்கு."

"காது இருந்தா கை போகணுமில்ல?"

கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு இடது கையால் எடுத்தார். குவைத்திலிருந்து லக்ஷிகா, மேல் லயத்துப் புஷ்பத்தின் மகள்.

"மாமா, சாப்பிட்டீங்களா? அம்மாவ ஒருக்கா கூப்பிடுங்களேன். பத்து நிமிசத்துல திரும்ப எடுக்கிறேன்."

"சாப்பிட்டியான்னு கேட்டு வாய மூடல, அதுக்குள்ள ஓட்டுறா பாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே கையைக் கழுவிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அது அன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை மேசை போன். வயர் கிடையாது. கட்டாரில் வேலை செய்யும் மகன் நிரஞ்சன், இரண்டாயிரத்து ஐந்தில் காசு அனுப்பி வாங்கச் சொன்னது. றக்வானைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் அன்றைக்கு வரிசை வீடுகளான மூன்று லயத்துக்கும் அது ஒன்றுதான் போன். வந்த புதிதில் அதற்கு இருந்த மரியாதையை இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் நம்பாது. பூப்போட்ட துணி போர்த்தி, பக்கத்தில் உட்கார ஒரு கதிரையும் போட்டு வைத்திருந்தாள் இராஜம். "போன் வந்திருக்கு" என்றால் ஆட்கள் மாவு பிசைந்த கையோடு, ஈரத் தலையோடு, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஒருத்தி பேசுவாள், நாலு பேர் சுற்றி நின்று அழுவார்கள். பேசி முடித்தவளுக்கு இராஜம் பிளேன்டீ கொடுப்பாள். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், யாருக்குக் கல்யாணம் பேசினாலும் அந்தக் கதிரைக்குத்தான் முதலில் தெரியும். என்ன அருமையான காலம்! இன்றைக்கென்றால் பக்கத்துக் காம்பிரா வீட்டில் ஆள் செத்தாலும் மெசேஜ் வந்தால்தான் தெரிகிறது.

ஆனால் அந்த அருமையெல்லாம் கூப்பிடப் போகிறவனுக்கு இல்லை.

பழனியப்பன் நாற்பது வருஷம் தோட்டத்து லொறி ஓட்டியவர். உட்கார்ந்தபடியே கொழும்பு, காலி, கண்டி என்று நாட்டையே சுற்றியவர். கடைக்குப் போவதென்றாலும் லொறியில்தான் போவார். பென்ஷன் எடுத்த பிறகும் நடப்பது அவருக்கு மானப் பிரச்சினையாகவே இருந்தது. "நான் ரோட்டுல நடந்து போனா பாக்குறவன் என்ன நினைப்பான்? பழனியப்பன் லொறிய எங்கயோ பள்ளத்துல விட்டுட்டு வர்றான்னு நினைப்பான்," என்பார்.

அப்படிப்பட்டவர் போன் வந்த பிறகு ஒரு நாளைக்கு எத்தனை தடவை மேல் லயத்துக்கு ஏறிப் பள்ளத்து லயத்துக்கு இறங்குகிறார் என்பது அவர் முழங்காலுக்குத்தான் தெரியும். இரண்டு லயத்துக்கும் நடுவில் இவர் வீடு. மேலே போனாலும் படி, கீழே போனாலும் படி.

"இங்கருந்தே ஒரு சத்தம் போட்டா என்ன?" என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தார்.

"செத்த வீடா இது, கூப்பாடு போட?"

"அப்ப நீ போய்ட்டு வா."

"எனக்கு மூட்டு வலி."

அத்தோடு பேச்சு முடிந்தது.

சோற்றை விட்டு எழுந்த அன்றைக்கும் மூச்சு வாங்க மேல் லயத்துக்கு ஏறிப் புஷ்பத்தைக் கூப்பிட்டார். முன்பெல்லாம் தலைதெறிக்க ஓடி வரும் புஷ்பம், இந்தக் கொஞ்ச நாளாக ஆற அமரத்தான் வருகிறாள். "நீங்க முன்னால போங்கண்ணே, நான் சேல மாத்திட்டு வர்றேன்," என்றாள். வந்தாள். இரண்டே நிமிஷம் பேசினாள். பிறகு இராஜத்தோடு உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் சிரித்துவிட்டுப் போனாள். பழனியப்பனின் சோறு ஆறி அவலமாகிக் கிடந்தது.

அவருக்கு வந்த கோபத்தில் ஒரு பயமும் இருந்தது. போன வருஷம் கால் விரலில் ஒரு சின்னப் புண் வந்தது. சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய். புண் ஆறவே இல்லை. இரத்தினபுரி டொக்டர், சீனி இப்படியே ஏறிக்கொண்டு போனால் விரலை எடுக்க வேண்டி வரும், அதற்கு மேலும் போகலாம் என்று சொல்லிவிட்டார். நடங்கள் என்றும் சொன்னார். இவர் தலையை ஆட்டிவிட்டு பஸ்சுக்குப் போனார். அன்றைக்கு பஸ் றக்வானை வந்து சேரும் வரைக்கும் இராஜம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பழனியப்பனும் உள்ளுக்குள் நடுங்கித்தான் போனார். கால் இல்லாத டிரைவரை யார் மதிப்பார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் கருவாடு சுற்றி வந்த பேப்பரில் அவருக்கு ஞானம் பிறந்தது. ஆரோக்கியப் பக்கம். வாரத்தில் ஒரு நாள் போனையும் டீவியையும் நிறுத்தி வையுங்கள், மனம் அமைதியாகும், பிரஷர் குறையும், சீனியும் கட்டுப்படும், குடும்பத்தில் பேச்சு வளரும் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"பாத்தியா! இந்தப் போன்தான் என் சீனிக்குக் காரணம். டென்சன்! ஞாயித்துக்கிழம போனுக்கு லீவு."

"டீவியும்தானே போட்டிருக்கு?"

"டீவி பத்தி எழுதினவனுக்குக் கிரிக்கெட் தெரியாது போல."

முதல் ஞாயிறு போனை ஓஃப் பண்ணினார். காலை நீட்டிப் படுத்தார். பத்திரிகையில் போட்டிருந்தபடி குடும்பத்தில் பேச்சும் வளர்ந்தது. கூரைத் தகரம் ஒழுகுவது, தண்ணீர்ப் பீலி அடைத்துக் கிடப்பது, அவர் தங்கச்சி போன தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தராதது என்று இராஜம் வளர்த்துக்கொண்டே போனாள். அதையும் தாங்கிக்கொண்டார். பத்து மணிக்குப் பள்ளத்து லயத்து அஜந்தன் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, போன் வேல செய்யலியா? கொழும்புலருந்து அண்ணன் எடுக்கிறேன்னாரு."

"லீவுடா தம்பி. ஒடம்புக்கு நல்லதாம். இனிமே ஞாயித்துக்கிழம போன் பேசாது."

"அதுக்கென்ன மாமா! எல்லாரையும் சனிக்கிழமையே எடுக்கச் சொல்லிடுறேன்."

நல்ல பையன், சொன்னபடி செய்தான். அடுத்த சனிக்கிழமை குவைத்தும் கொழும்பும் துபாயும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வந்து விழுந்தன. மேலே போய் இறங்கும்போதே கீழே போக வேண்டியிருந்தது. பகல் சோற்றை அவர் பொழுது சாயும் நேரத்தில்தான் சாப்பிட்டார். படுத்தவருக்குக் கெண்டைக்கால் கனவிலும் படி ஏறியது.

ஞாயிறு ஓய்வெடுத்தும் போதவில்லை. திங்கட்கிழமை ஒரு பொய் சொன்னார்.

"போன் செத்துப்போச்சு."

லயம் முழுக்கத் துக்கம் விசாரிக்க வந்துவிட்டது. புஷ்பம் போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்து, "ஐயோ, முந்தாநேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்திச்சு," என்றாள். யாரோ தண்ணீர் பட்டிருக்கும் என்றார்கள், யாரோ கண்ணேறு என்றார்கள். பழனியப்பன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளுக்குள் சிரித்தார்.

"வாங்கின எடத்துல காட்டுனா சரி பண்ணித் தருவாங்க," என்றாள் இராஜம். "நஜீப் நானா கடைக்குக் கொண்டு போங்க. சும்மா கெடந்தா மகன் ஏசுவான்."

எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அன்றைக்கென்று மேட்டு ரோட்டு பஸ் வரவில்லை. தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் பெரிய ரோட்டு வரைக்கும் இறங்கினார். வழியில் அட்டை கடித்தது. எதிரே வந்த பழைய கிளீனர் ஒருத்தன், "அண்ணே, லொறி எங்க?" என்று கேட்டே விட்டான்.

றக்வானை பஸாரில் நஜீப் போனைக் கழற்றிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், பூட்டினார்.

"அண்ணே, இதுல ஒரு கொழப்பமும் ஈக்கல்லயே," பழுதே இல்லை என்று கையை விரித்தார்.

"நல்லாப் பாருங்க நானா. ஏதாச்சும் ஒண்ணு இருக்கும்."

நஜீப் ஓன் பண்ணினார். பண்ணியதும் போன் அடித்தது. நஜீப் எடுத்துக் கேட்டுவிட்டு இவரிடம் நீட்டினார்.

"ஒங்களுக்குத்தான். குவைத்தாம்."

"மாமா, அம்மாவ ஒருக்கா கூப்பிடுங்களேன். பத்து நிமிசத்துல திரும்ப எடுக்கிறேன்."

பழனியப்பனுக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்ல முடியவில்லை. கடையில் பெண்கள் நின்றார்கள். போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, இறங்கி, குறுக்குப் பாதையில் மேடு ஏறி வந்து சேர்ந்தபோது நாக்கு வெளியே தள்ளியிருந்தது. வாசலில் இராஜம் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள்.

"காலக் காட்டுங்க, ஊத்தி விடுறேன்."

அப்படி ஒரு கரிசனம் அவளிடம் கல்யாணமான புதிதிலும் அவர் பார்த்ததில்லை. கொஞ்சம் மனம் குளிர்ந்தது.

அந்த வாரக் கடைசியில் இரத்தினபுரி கிளினிக் வந்தது. டொக்டர் இரத்த ரிப்போட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். விரலைப் பிடித்துத் திருப்பினார். புண் இருந்த இடத்தில் தழும்புதான் இருந்தது.

"பொஹொம ஹொந்தை!" ரொம்ப நல்லது என்று முதுகில் தட்டினார். சீனி பாதிக்கு இறங்கியிருந்தது. விரலை எடுக்கிற பேச்சே இனி வேண்டாம், இப்போது என்ன செய்கிறீர்களோ அதை விடாமல் செய்யுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார்.

பழனியப்பன் அழுகையை மறைக்கச் சத்தமாகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை போனை ஓஃப் பண்ணி வைக்கிறேன் டொக்டர், அதுதான் மருந்து என்று சிங்களத்திலேயே விளக்கினார். டொக்டர் இராஜத்தைப் பார்த்தார். இராஜம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். பாவம், சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பழனியப்பன் நினைத்தார்.

பஸ்ஸில் வரும்போதே அவர் முடிவு எடுத்துவிட்டார்.

"ஒரு நாள் லீவுக்கே சீனி பாதி எறங்கிருச்சு. ஏழு நாளும் லீவு விட்டா?"

"என்ன சொல்றீங்க?"

"போனப் புஷ்பத்துக்கிட்டயே குடுத்திடப் போறேன். இனிமே அவ பாடு."

இராஜத்தின் முகம் செத்துப்போனது. வேண்டாம் என்றாள், மகன் கோபிப்பான் என்றாள், எனக்குப் பொழுது போகாது என்றாள். இவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து உடுப்புக்கூட மாற்றாமல் போனைத் துணியோடு தூக்கிக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினார். புஷ்பம் வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கி வைத்துக்கொண்டாள்.

வெறுமையாகக் கிடந்த அந்த மூலையைப் பார்க்க அன்றிரவு அவருக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. சனியன், இருந்தபோது உயிரை எடுத்தது, போன பிறகு வீடு வீடாக இல்லை. பகல்களும் அப்படித்தான் இருந்தன. யாரும் வரவில்லை. பிளேன்டீக்குத் தண்ணீர் கொதிக்கவில்லை. பழனியப்பன் கட்டிலில் கிடந்து கிரிக்கெட் பார்த்தார். இராஜம் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை மேல் லயத்திலிருந்து ஆள் வந்தது.

"அண்ணே, ஒங்க மகன் கட்டார்லருந்து எடுத்தாராம். பத்து நிமிசத்துல திரும்ப எடுப்பாராம். புஷ்பக்கா வரச் சொன்னிச்சு."

பழனியப்பன் கட்டிலை விட்டு எழுந்த வேகத்தில் செருப்பு மாறிப் போனது. மகன் குரல் கேட்டு வாரமாகிறது. தட்டுத் தடுமாறி ஏறிப் போய்ப் புஷ்பத்தின் வீட்டில் உட்கார்ந்தார். போன் அடிக்கவில்லை. காத்திருந்தார். அடிக்கவில்லை. இறங்கி வந்தார். வந்து தண்ணீர் குடிப்பதற்குள் திரும்பவும் ஆள் வந்தது.

"அண்ணே, நீங்க எறங்குன ஒடனே எடுத்தாராம்."

திரும்பவும் ஏறினார். பகல் சோற்றுக்குப் பிறகு இன்னொரு தடவை ஏறினார். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. போன் தன் வீட்டில் இருந்தபோது ஊருக்காக ஏறினார், இப்போது தன் பிள்ளைக்காக ஏறுகிறார். ஒரு வார்த்தை பேசினால் போதும், இந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம் என்று நினைத்து வெள்ளைப் போனையே முறைத்துக்கொண்டிருந்தார். புஷ்பம் பின்னால் குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

பாய்ந்து எடுத்தார். வெள்ளைப் போன் ஊமையாக இருந்தது. சத்தம் வேறெங்கிருந்தோ வந்தது. மேலே சாமிப் படத் தட்டில், முருகனுக்குப் பின்னால், சின்னதாக ஒரு கைப்போன் வெளிச்சம் போட்டுக்கொண்டு கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

புஷ்பத்துக்கு ஏது கைப்போன்? பழனியப்பன் குசினிப் பக்கம் பார்த்தார். அவளுக்குக் கேட்கவில்லை போலும். இத்தனை வருஷம் ஊரார் போனை எடுத்துப் பழகிய கை தானாக நீண்டது. காதில் வைத்து, ஹலோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பக்கம் அவசர அவசரமாகப் பேசத் தொடங்கிவிட்டது. முப்பத்தைந்து வருஷமாகக் கேட்டுப் பழகிய குரல்.

"புஷ்பம், அவரு ஏறி வந்துட்டாரா? டொக்டர் சொன்ன நடையில இன்னும் பாதி கெடக்கு, நம்ம எல்லார் கையிலயும் போன் இருக்கிறது தெரியாம பாத்துக்க, எறங்குறப்ப அஜந்தனுக்குப் போன் வந்திருக்குன்னு சொல்லிப் பள்ளத்து லயம் வரைக்கும் அனுப்பிவிடு!"