காலிப் பெட்டியும் ஒரு பிரேக்கும்

ஒரே கார் பந்தயத்தை நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஓட்டி, நானூற்றுப் பன்னிரண்டு பேரும் முதலிடம் பிடித்த ஊர் ஒன்று உண்டு. இரண்டாம் இடம் என்று ஒன்று இருப்பதையே அந்த ஊர் மறந்துபோயிருந்தது. ஜெயித்தவர்களில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் முப்பது பேர். கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரிக்காதவர் ஒருவர். பல் முளைத்துக்கொண்டிருந்த கைக்குழந்தை ஒன்று, ஸ்டியரிங்கைக் கடித்துக்கொண்டே மலைப்பாதையின் பதினெட்டு வளைவுகளையும் கடந்து கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது.

எல்லாம் ஒரு காலிப் பெட்டியின் மகிமை.

அது கேம் ஆடும் கம்ப்யூட்டர். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே ஏழு வண்ண விளக்குகள், மூன்று மின்விசிறிகள். மெமரி கிடையாது. டிஸ்க் கிடையாது. விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: மெமரியும் டிஸ்கும் இல்லாத கம்ப்யூட்டர், இன்ஜின் இல்லாத பஸ் மாதிரி. விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், நகராது. ஆனால் விவரம் தெரிந்தவர்களை யார் கேட்டார்கள்? கூட்டம் பெட்டி ஞானியை அல்லவா கேட்டது!

பெட்டி ஞானி போன வருடம் வரை பிரிண்டருக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தவர். மெமரி விலை தங்கத்தையே ஏளனமாகப் பார்க்கத் தொடங்கிய வாரத்தில் அவருக்கு ஞானம் பிறந்தது. ஒரு வெள்ளைச் சால்வை வாங்கிப் போர்த்திக்கொண்டார். கடைக்குள் நாற்காலிகள் போட்டார். சுவரில் ஒரு கதவு அகலத்துக்கு டிவி மாட்டினார். அதன் முன்னால் தன் பெட்டியோடு ஒரு ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் வைத்து, வருகிறவர்களைக் கார் பந்தயம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.

"உலகத்துல தினமும் எத்தனை பேரு எத்தனை விஷயத்தை மறக்கறாங்க?" என்று ஆரம்பிப்பார். "சாவியை எங்க வச்சோம்னு மறக்கறாங்க. கல்யாண நாளை மறக்கறாங்க. மறந்ததெல்லாம் எங்க போகுது? காத்துலதான் மிதக்குது! காத்துல இவ்வளவு மெமரி சும்மா கிடக்கறப்போ, காசு குடுத்து மெமரி வாங்கறவன் புத்திசாலியா? என் காலிப் பெட்டியை ஜன்னல் பக்கம் வைங்க. நாப்பது நாள். தானா நிறையும். ஆனா ஒண்ணு, வீட்ல ஒரே ஒரு ஆள் சந்தேகப்பட்டாலும் வந்த மெமரி திரும்பி ஓடிடும்."

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? பெட்டி ஓடினால் ஞானியின் பெருமை. ஓடாவிட்டால் உங்கள் வீட்டில் எவனோ சந்தேகப்பட்டான். இப்படியொரு உத்தரவாதச் சீட்டை எந்தக் கம்பெனியும் இதுவரை அச்சடித்ததில்லை.

அந்த நானூற்றுப் பன்னிரண்டு வெற்றியாளர்களில் ஒருவர் முடிதிருத்துபவர். பட்டப்பெயர் வானொலி. காலையில் அவர் காதில் விழுந்தது மதியத்துக்குள் ஊரில் உள்ள எல்லாக் கிருதாவுக்கும் தெரிந்துவிடும். மனிதர் நல்லவர்தான். எதையும் நம்புவார். குடை வாங்கினால் மழை வராது என்று நம்பி, வெயிலுக்கு நான்கு குடை வாங்கியவர்.

அவர் மகள் கட்டட வரைபடம் படித்து முடித்தவள். ஒரு கட்டட அலுவலகத்தில் வேலைக்கு அழைத்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து வரும் திங்கள்கிழமை காலை பத்து மணிக்குள் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தை வரைந்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் வேலை. அனுப்பாவிட்டால் அடுத்த ஆள். அந்த வரைபட வேலைக்கு வலுவான கம்ப்யூட்டர் வேண்டும். ஒரு வருடம் டியூஷன் எடுத்துச் சேர்த்ததை அப்பாவிடம் கொடுத்து, "மெமரி முப்பத்திரண்டு ஜி.பி. இருக்கான்னு கேட்டு வாங்குங்கப்பா" என்று அனுப்பினாள்.

வானொலி போனார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். பதினெட்டு வளைவு, முதலிடம், திரையில் வாணவேடிக்கை. வாழ்க்கையில் சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டே போனவர் அவர். கண்ணில் நீர் கட்டிவிட்டது. மெமரி முப்பத்திரண்டாவது, மண்ணாவது! காலிப் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் சுவிட்சைத் தட்டியதும் விளக்கெல்லாம் எரிந்தது. விசிறி சுற்றியது. பெட்டி மூன்று முறை "பீப், பீப், பீப்" என்றது. திரை மட்டும் கரிச்சட்டி மாதிரி கறுப்பாகவே இருந்தது.

"பாத்தியா, கும்பிடுது!" என்றார் வானொலி.

"கும்பிடலைப்பா. மெமரி இல்லைன்னு அழுகுது. அதுக்குத்தான் அந்தச் சத்தம்."

"நீ இப்படிப் பேசறதாலதான் வர மாட்டேங்குது! ஜன்னல் வரைக்கும் வந்த மெமரி உன் மூஞ்சியைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கும்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "பெட்டி சொல்றது புரியுது, பெத்த பொண்ணு சொல்றது புரியலை. நல்லா இருக்குங்க உங்க காது."

பதினோரு நாள் பெட்டி ஜன்னலோரம் காற்று வாங்கியது. தூசி நிறைந்தது, மெமரி நிறையவில்லை. வெள்ளிக்கிழமை மகள் சாப்பிடாமல் எழுந்து போனாள். சந்தேகப்படும் ஆள் வீட்டில் இருக்கக் கூடாது என்று ஞானி சொல்லியிருந்தபடி, அவளைத் திங்கள்வரை அத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தார் வானொலி. அவர் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். ஊர் செய்த பாக்கியமும் அதுதான்.

ஏனென்றால் அத்தை, அதாவது வானொலியின் தங்கை, டிரைவிங் லைசென்ஸுக்குத் தேர்வு வைக்கும் அதிகாரி. இருபத்தாறு வருடங்களாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்ப்பவர். அவரிடம் தேர்வுக்கு வருகிறவர்கள் வண்டியைப் பறக்கவிட்டுக் காட்ட நினைப்பார்கள். அத்தை அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். "நிறுத்து" என்பார் முதலில். நின்றால்தான் அடுத்த பேச்சு.

மருமகள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை ஒரே கேள்விதான் கேட்டார்.

"அந்தக் கடையில யாராவது தோத்திருக்காங்களா?"

"இல்லத்தே. கைக்குழந்தைகூட ஜெயிச்சிருக்கு."

"சரி, செருப்பைப் போடு."

சனிக்கிழமை காலை கடைக்குள் கால் வைக்க இடமில்லை. வானொலி முதல் வரிசையில் இருந்தார். மகளையும் தங்கையையும் கண்டதும் முகம் சுருங்கியது. ஞானி மேடையில் நின்று, "அடுத்த பாக்கியசாலி யாரு?" என்றார்.

"நான்தான்" என்று ஸ்டியரிங்கின் முன்னால் போய் உட்கார்ந்தார் அத்தை. சால்வைக்குள் ஞானியின் கை ஆசீர்வாதம் செய்வதுபோல அசைந்தது. டிவியில் கார் கிளம்பியது.

மூன்றாவது வளைவில் அத்தை பிரேக்கை மிதித்தார். ஏறி நின்று மிதித்தார் என்றே சொல்லலாம். கார் சீறிக்கொண்டு நான்காவது வளைவுக்குப் போனது.

"ஐயா, வண்டி நிக்கலையே?"

"உங்க ஆழ்மனசு ஜெயிக்க நினைக்குதும்மா. வண்டி காலைக் கேக்காது, மனசைத்தான் கேக்கும்!"

கூட்டம் கைதட்டியது. அத்தை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கார் அழகாக வளைந்தது. இன்னும் பலமான கைதட்டல். அத்தை எழுந்தார்; பெட்டியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார். விளக்கு அணைந்தது. விசிறி நின்றது. டிவியில் கார் மட்டும் கவலையே படாமல் போய் முதலிடம் பிடித்தது. வாணவேடிக்கை!

ஞானியின் நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை எட்டிப் பார்த்தது. ஆனால் ஆள் லேசுப்பட்டவரா?

"பாத்தீங்களா!" என்று கையைத் தூக்கினார். "என் பெட்டிக்குக் கரண்டும் வேண்டாம்!"

கூரை பிய்த்துக்கொள்ளும் அளவுக்குக் கைதட்டல். அங்கேயே ஒன்பது பேர் பெட்டி வாங்கப் பெயர் கொடுத்தார்கள். கரண்ட் பில் மிச்சமாயிற்றே!

அத்தை அசரவில்லை. இதைவிடப் பெரிய கோமாளிகள் அவர் தேர்வில் தோற்றிருக்கிறார்கள். திரும்பி, "அண்ணே, நீ வா" என்றார்.

"நானா? நான்தான் ஏற்கெனவே ஜெயிச்சுட்டேனே."

"ஜெயிக்க வேண்டாம். தோத்துக் காட்டு. அந்த மலை ஓரத்துல பள்ளம் தெரியுதில்ல, அதுல கொண்டுபோய்க் காரை விடு."

"என்னது! என் பேரு கெட்டுடாதா?"

"சந்தேகப்பட வேண்டாம்ணே. நீதான் ஐயாவை முழுசா நம்பறவன். உன் மனசு சொன்னா வண்டி கேக்கணும். கேக்குதான்னு பாப்போம்."

ஞானி குறுக்கே வந்தார். "அதெல்லாம் அபசகுனம்..."

"டிவியில கார் பள்ளத்துல விழுந்தா யாருக்குங்க அடிபடப் போகுது?" என்றாள் மகள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தக் கடையில் எழுந்த முதல் உருப்படியான சத்தம் அது.

வானொலி மகள் முகத்தைப் பார்த்தார். பதினோரு நாளில் வற்றிப்போயிருந்த முகம். ஸ்டியரிங்கின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஞானி திருதிருவென்று விழித்தார். சால்வைக்குள் கை அசையவே இல்லை.

"ஆசீர்வாதம் பண்ணுங்கய்யா" என்றார் அத்தை. "கூட்டம் காத்திருக்கு."

வேறு வழியில்லாமல் கை அசைந்தது. கார் கிளம்பியது. வானொலி மனதார, உயிரார, முழு பக்தியோடு ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தார். கார் இடதுபக்கம் போனது. இடதுபக்கம் ஒடித்தார், நேராகப் போனது. "விழுடி! விழுந்து தொலை!" என்று கெஞ்சினார். அது விழவில்லை. அவர் தோற்க எவ்வளவோ முயன்றும், இரக்கமே இல்லாமல் அவரை முதலிடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

அதற்குள் மகள் டிவியின் பின்பக்கம் கையைவிட்டுக் கட்டைவிரல் அளவில் ஒரு பென்டிரைவை உருவினாள். படம் பட்டென்று நின்றது. அத்தை சால்வையை ஒரு இழுப்பு இழுத்தார். ஆசீர்வதித்த கையில் டிவி ரிமோட் இருந்தது. நானூற்றுச் சொச்சம் பேரும் ஓட்டியது காரை அல்ல. எவனோ எங்கோ ஆடிப் பதிவு செய்த ஒரே வீடியோவை!

பிறகு நடந்ததை விவரித்தால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். ஞானி பின்கதவு வழியாக ஓடியபோது சால்வை முன்கதவில் மாட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் சொல்வேன். தெருமுனையில் மடக்கிவிட்டார்கள். உள்ளறை அலமாரியைத் திறந்தால், வரிசை வரிசையாக மெமரி, டிஸ்க்! முழுசாக வந்த கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றி, வெளியூருக்கு யானை விலைக்கு விற்கக் கட்டிவைத்திருந்தார். காற்றிலிருந்து மெமரி பிடித்தவர் ஒருவர் உண்டு என்றால் அது இவர்தான். ஊராரின் காற்றுதான் போனது.

அவரவர் பெட்டிக்கு உரியதை அவரவர் வாங்கிக்கொண்டார்கள். மகள் அன்று மாலையே தன் பெட்டியைத் திறந்து மெமரியையும் டிஸ்கையும் பொருத்தினாள். பெட்டி ஒரே ஒரு முறை "பீப்" என்றது. திரையில் வெளிச்சம் வந்தது. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மூன்று மாடியையும் எழுப்பி, திங்கள் ஒன்பதரைக்கு அனுப்பினாள். புதன்கிழமை வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

ஊரே ஏமாந்ததை ஒப்புக்கொண்டது, ஒரே ஒரு ஆளைத் தவிர.

"மத்தவங்களுக்கெல்லாம் வீடியோதான் போட்டிருக்கான்" என்றார் வானொலி, ஒரு கடைக்காரரின் கன்னத்தில் சோப்பு நுரை தடவிக்கொண்டே. "ஆனா முதல் நாள் நான் ஓட்டினது நிஜம். எனக்குத் தெரியாதா? கையில ஒரு இது இருந்துச்சு."

அன்று மாலை மகள் தன் கம்ப்யூட்டரில் ஒரு நிஜமான கார் பந்தயத்தை ஏற்றிவைத்து, "ஓட்டுங்கப்பா" என்றாள். அத்தையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், பழக்க தோஷம்.

வானொலி கம்பீரமாக விசையை அழுத்தினார். கார் கிளம்பிய இடத்திலேயே ஒருமுறை சுற்றி, மற்ற கார்களுக்கு எதிராகப் புறப்பட்டு, ஒரு மரத்தில் மோதி, அங்கிருந்து பின்னால் வந்து இன்னொரு மரத்தில் மோதி, தலைகீழாகக் கிடந்து சக்கரத்தைச் சுழற்றியது. பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாம் இடம். வாணவேடிக்கை இல்லை.

வானொலி அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தார். மகளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏமாந்துதான்மா போயிட்டேன்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நிஜமாத்தான் நடந்திருக்கு. அந்தப் பெட்டி காலின்னு அவனே மேடையில நின்னு சொன்னான். வாங்க வந்த என் தலையும் காலியா இருக்குன்னுதான் எனக்கு யாரும் சொல்லலை."