பாதி புளித்த அப்பம்

ஒரு காட்டில், ஆற்றுக்கு மேற்கே, செசிலி என்ற நடுவயதுக் கோழி காலையிலிருந்து ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயம். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஆண்டகையே, என் மகள் ஜெசிந்தா அக்கரைச் சேவலைக் கட்டிக்க ஆசைப்படுறா." ஆனால் 'ஆசைப்படுறா' என்றால் பெண்ணுக்கு அடக்கமில்லை என்பார்கள். 'சம்மதிச்சுட்டா' என்றால் யாரைக் கேட்டு என்பார்கள். செசிலியின் சுபாவம் அப்படி. புழுவைக் கொத்துமுன் அந்தப் புழுவிடம்கூட "மன்னிச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் கொத்துவாள்.

அந்தக் காட்டில் கரை தாண்டிக் கல்யாணம் பண்ணுவது சின்ன விஷயமும் இல்லை. மேற்குக் கரை கத்தோலிக்கக் கரை. அதற்குத் தலைவர் வெள்ளைக் கொக்கு ஆண்டகை. கிழக்குக் கரை ஆர்த்தடாக்ஸ் கரை. அங்கே தலைவர் தாடி வைத்த கருங்கிடாத் திருமேனி. ஆதியில் இரண்டு கரைக்கும் ஒரே கோவில்தான். பிறகு மேற்குக்காரர்கள் விசுவாசப் பிரமாணம் என்ற ஜெபத்தில் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள் என்று கிழக்குக்குக் கோபம். எல்லோருக்கும் நானே தலை என்று மேற்குத் தலைவர் சொன்னார். தலைகள் எல்லாம் சமம், வேண்டுமானால் நீர் வரிசையில் முதலில் நின்றுகொள்ளும் என்று கிழக்கு சொன்னது. பூசையில் தரும் அப்பத்துக்கு மாவு புளிக்கக் கூடாது என்றது மேற்கு. புளிக்காதது அப்பமே இல்லை என்றது கிழக்கு. ஒருவரையொருவர் சபித்துவிட்டு, ஆற்றை நடுவில் விட்டுக்கொண்டார்கள். சாபத்தை எப்போதோ திரும்பப் பெற்றாயிற்று. ஆற்றைத்தான் யாரும் திரும்பப் பெறவில்லை.

ஆகவே சேவல் குரியாக்கோஸ் இந்தக் கரைக்கு மாறினால்தான் கல்யாணம் என்றது மேற்கு. ஜெசிந்தா மாறட்டும் என்றது கிழக்கு.

"யாரும் மாற வேண்டாம்மா," என்றாள் ஜெசிந்தா. "நாங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கிறோம்."

செசிலிக்குக் கொண்டை வெளுத்துவிட்டது. அந்தக் காட்டில் திருமணப் பதிவாளர் நரி.

"அடியே! போன வருசம் அந்த வாத்து ஜோடி மாலையும் கழுத்துமா உள்ள போச்சே, வெளிய வந்துச்சா?"

"தேனிலவுக்குப் போயிருக்காங்கன்னு நரி மாமா சொன்னாரே."

"சொல்லும்போது பல்லைக் குத்திக்கிட்டு இருந்தானேடி!"

"திருநாள் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ரெண்டு கரையும் சேர்ந்தா சரி. இல்லேன்னா ஆபீஸ்தான்."

கரைகளைச் சேர்த்துவைக்க, இரண்டு தலைவர்களும் அடங்கிய ஒரு குழு இருக்கத்தான் செய்தது. ஆற்றின் நடுப்பாறையில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அது எத்தனையோ தலைமுறையாகப் பேசிக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் ஆந்தை. "ஐக்கியத்துக்கான வாய்ப்பு இப்போது மிகப் பிரகாசமாகத் தெரிகிறது" என்று ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் அறிவிப்பார். கூட்டம் நடப்பது பகலில். அவருக்குப் பகலில் கண் தெரியாது. இந்தத் தடவை பேனர்கூட அடித்துவிட்டார்கள். இரண்டு தலைவர் படமும் ஒரே உயரம் இருக்க வேண்டுமே! கொக்கின் கழுத்தையும் கிடாவின் கொம்பையும் அளவெடுத்துச் சரிகட்டுவதிலேயே ஒரு மழைக்காலம் போயிற்று.

செசிலி கல்லுக்குக் கல் தாவி நடுப்பாறைக்குப் போய்ச் சேர்ந்தாள். அவள் அலகைத் திறக்குமுன், காலடிச் சத்தத்தை வைத்தே ஆந்தை முந்திக்கொண்டார்.

"யாரு, செசிலியா? நல்ல நேரத்துல வந்தே. எல்லாம் பேசி முடிச்சாச்சு. திருநாளன்னிக்கு இங்கேயே ஒற்றுமை விருந்து. அப்பம் நீதான் சுடணும்."

"மன்னிச்சுக்கங்க, நான் வேற ஒண்ணு சொல்ல வந்தேன்…"

"அதை அப்புறம் சொல்லு."

"சரிங்க. மாவு புளிக்கணுமாங்க, வேண்டாமாங்க?"

கொக்கு ஆண்டகை கால் மாற்றி நின்றார். கிடாத் திருமேனி தன் தாடியையே மெல்ல ஆரம்பித்தார்.

"அதை மட்டும் இன்னும் பேசலை," என்றார் ஆந்தை. "உன் மனசாட்சிப்படி செஞ்சுடு."

செசிலியின் மனசாட்சி ஒரு பக்கமாக இழுத்ததே கிடையாது. திருநாளன்று மாவைப் பிசைந்து வெயிலில் வைத்தாள். ஐயோ, புளித்தால் கொக்குக்கு ஆகாதே என்று நிழலுக்கு இழுத்தாள். புளிக்காவிட்டால் கிடா முட்டுவாரே என்று மறுபடி வெயிலுக்குத் தள்ளினாள். சுட்டு எடுத்தபோது அப்பம் ஒரு பக்கம் பூசணிக்காய்போல் உப்பியும், மறுபக்கம் அரச இலைபோல் ஒட்டியும் இருந்தது.

இரண்டு கரையும் கூடி நின்று பார்க்க, கொக்கு ஒரு கொத்து கொத்தினார். கண்ணை மூடினார். "புளிப்பு!"

கிடா ஒரு கடி கடித்தார். "களிமண்ணு!"

இருவரும் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தார்கள்.

"உங்களுக்கும் பிடிக்கலையா?"

"துப்பணும்போல இருக்கு."

"எனக்கும்தான்!"

ஒரே மைக்கைச் சேர்ந்து பிடித்தார்கள். இந்த அப்பம் சத்தியத்துக்கு விரோதமானது, இதைச் சுட்ட செசிலி இரண்டு சபைக்கும் துரோகி என்று ஒரே குரலில் முழங்கினார்கள்.

ஆந்தை துள்ளி எழுந்தார். "ஒரே குரல்லயா சொன்னீங்க? ஆயிரம் வருசத்துல இப்பதானய்யா ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணைச் சொல்லியிருக்கீங்க! இதுதான் ஐக்கியம்!"

இரண்டு கரையிலும் மணி அடித்தது. கொக்கும் கிடாவும் கட்டிப்பிடித்ததில் கழுத்து கொம்பில் மாட்டிக்கொண்டு, பிரித்தெடுக்க நாலு குரங்குகள் வேண்டியிருந்தது.

"அம்மா, இப்போ கேளு!" என்று ஜெசிந்தா விலாவில் கொத்தினாள்.

சொல்லிப் பார்த்த பேச்சு முழுக்க செசிலிக்கு மறந்துபோயிற்று. "கல்யாணம்!" என்று மட்டும் கத்தினாள். "கரை ரெண்டும் ஒண்ணாயிடுச்சுல்ல? எம் பொண்ணுக்கும் குரியாக்கோஸுக்கும் இப்பவே முடிச்சு வைங்க!"

மறுக்க ஒரு காரணம் அகப்படவில்லை. வந்த சந்தோஷத்தில் யார் முதலில் ஆசீர்வதிப்பது என்று கேட்கக்கூட இருவரும் மறந்துபோனார்கள். கல்யாணம் முடிந்தது.

விருந்து முடிந்ததும் கொக்கு கனிவோடு சொன்னார், "செசிலி, பெண்ணைக் கட்டிக் கொடுத்துட்டே. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு. நான் மன்னிச்சுடறேன்."

கிடா காதை விடைத்தார். "நீங்க எப்படி மன்னிப்பீங்க? மன்னிக்கிறது நான்."

"தலை நானிருக்க நீங்களா?"

"தலைகள் எல்லாம் சமம்!"

கூட்டம் மெதுவாக இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் ஒதுங்கத் தொடங்கியது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த நரி பேனாவைக் காதிலிருந்து எடுத்தது.

"சபை மறுபடி பிரிஞ்சா, இந்தக் கல்யாணம் செல்லாதுல்ல?" என்று அக்கறையாக விசாரித்தது. "கவலைப்படாதீங்க. நம்ம ஆபீஸ் மத்தியானமும் திறந்துதான் இருக்கு."

'மன்னிச்சுக்கங்க' என்ற சொல் செசிலியின் தொண்டைவரை வந்துவிட்டது. யாரைப் பார்த்துச் சொன்னாலும் இன்னொருவர் கோபித்துக்கொண்டு தன் கரைக்குப் போய்விடுவார். ஜெசிந்தா புது மாப்பிள்ளையின் சிறகுக்குள் நின்று அம்மாவையே பார்த்தாள். செசிலி சொல்லை விழுங்கினாள். தலையை நிமிர்த்தினாள்.

"நான் எதுக்குக் கேக்கணும்? அப்பம் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க ரெண்டு பேருக்கும்தான் நாக்கு செத்துப்போச்சு."

கொக்கும் கிடாவும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இருவர் முகத்திலும் நிம்மதி பரவியது.

"என்ன திமிர்!" என்றார் கொக்கு.

"நான் சொல்ல நினைச்சதையே சொல்லிட்டீங்க!" என்றார் கிடா.

மைக் மறுபடி ஆன் ஆனது.

அன்றிலிருந்து ஒவ்வொரு திருநாளுக்கும் செசிலி மாவை வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றி மாற்றி இழுத்து, அதே அப்பத்தைக் கவனமாகக் கெடுத்துச் சுடுகிறாள். இரண்டு தலைவர்களும் சேர்ந்து வந்து, சேர்ந்து கண்டித்து, துண்டு மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போகிறார்கள். வீட்டில் இப்போது பேரக்குஞ்சுகள். புழுக்களிடம் செசிலி இன்றும் மன்னிப்புக் கேட்கிறாள். அந்த இருவரிடம் மட்டும் கேட்பதே இல்லை.

நீதி: பிரிந்த பெரியவர்கள் ஒன்றுசேர வேண்டுமானால், இருவருக்கும் பிடிக்காத ஒன்றைச் சமைத்துப் போடு, எக்காரணத்தைக் கொண்டும் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே.