எத்திராஜின் ஹெட்செட்

அறுபத்து மூன்றாவது வயதில் துப்பாக்கி எடுத்துப் போருக்குப் போவது என்று எத்திராஜ் முடிவு செய்தார். நிஜப் போர் இல்லை. சின்னப் பையன்கள் கம்ப்யூட்டரில் ஆடுகிற போர். மின்சார இலாகாவில் ஆயுசு முழுக்க ஃபைல் தள்ளியவர் அவர். கரப்பான் பூச்சியை அடிக்கக்கூட மனைவியைத்தான் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர் ஜீவனஹள்ளி வீட்டுக் கூடத்தில் நின்று, "மரகதம், நான் கேம் ஆடப்போறேன்" என்று அறிவித்தார்.

மரகதம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "தாராளமா ஆடுங்க. அதுக்கு முன்னாடி கேஸ் புக் பண்ணிடுங்க" என்றாள். குரல், காய்ந்த சருகின் மேல் யாரோ நடக்கிற மாதிரி வந்தது.

அந்தக் குரலுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

அவளுக்குத் தொண்டையில் கட்டி. குரல்பெட்டியையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உயிருக்குப் பயமில்லை, பின்னால் கருவி வைத்துப் பேசவும் பழகலாம், ஆனால் அது இந்தக் குரலாக இருக்காது என்றார். மாதக் கடைசியில் ஆபரேஷன்.

அன்றிலிருந்து எத்திராஜ் வீடு முழுக்கத் தேடினார். மரகதத்தின் முகம் ஆல்பம் ஆல்பமாக இருந்தது. குரல் எங்கேயும் இல்லை. மகள் சௌம்யாவின் கல்யாண வீடியோவில் அவள் வாயசைக்கிற இடத்திலெல்லாம் நாதஸ்வரம். கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள் என்பதால் வாட்ஸ்அப்பில்கூட அவள் பேசி அனுப்பியதில்லை, எல்லாம் தட்டச்சுதான். ஒருநாள் நேராகவே ஃபோனை நீட்டி, ஏதாவது பேசு என்று கேட்டார். காக்கா குரலைப் பிடித்து வைத்து யாருக்கு என்ன லாபம் என்று அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் ஃபோனைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அது காபியோடு சேர்ந்து திரும்பி வந்தது.

அதனால்தான் போர். சௌம்யா கல்யாணமாகி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர் கூடத்தில் சும்மா கிடந்தது. கேம் ஆடுகிறவர்கள் தலையில் ஹெட்செட் மாட்டி, மைக்கில் பேசிக்கொண்டே ஆடுவார்கள். பேசுவதைக் கம்ப்யூட்டர் பதிவு செய்துகொள்ளும். அதை மாட்டிக்கொண்டு சமையலறைக்கு எதிரே உட்கார்ந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? தன் மூளையை எத்திராஜ் தானே மெச்சிக்கொண்டார்.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் ரயான் என்ற விற்பனையாளர், பேரனுக்கா என்று கேட்டார். எத்திராஜ் நெஞ்சை நிமிர்த்தி, எனக்குத்தான் என்றார். ரயான் சிரிக்கவில்லை. வியாபாரம் தெரிந்தவர். முதலில் மவுஸ்களைப் பரப்பினார். உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா, எடை எப்படி, விரல் வழுக்குகிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒன்றில் ஏழு பொத்தான்கள் இருந்தன. எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று எத்திராஜ் கேட்டார். மூன்றாவது பொத்தானோடு காது மூடிக்கொண்டது. பொய்க்கு முட்டுக்கொடுக்க ஒரு மவுஸ் வேண்டும், அவ்வளவுதான். கீபோர்டிலும் சத்தமே வராதது ஒன்று, கடகடவென்று அடிப்பது ஒன்று. கைக்குக் கிட்டே இருந்ததை எடுத்தார். அது கடகட. போதாததற்கு வானவில் மாதிரி விளக்கெரிந்தது.

ஹெட்செட்டுக்கு வந்ததும்தான் உட்கார்ந்தார். எதிரியின் காலடி இடப்பக்கம் கேட்கிறதா, வலப்பக்கமா என்றுதான் எல்லோரும் பார்த்து வாங்குவார்களாம். எத்திராஜ் காதில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. மைக் ஒசத்தியாக இருந்தால் போதும் என்றார்.

ரயான் உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். "இதுக்கு மேல மைக் கிடையாது அங்கிள். பின்னாடி குக்கர் விசிலடிக்கட்டும், ஃபேன் ஓடட்டும், வீட்ல சண்டையே நடக்கட்டும். ஒண்ணும் உள்ள போகாது. உங்க வாய் ஒண்ணுதான் போகும்."

குக்கர் விசில் போகாது என்றதுமே எத்திராஜ் உருகிப்போனார். இரைச்சலெல்லாம் கழிந்து மரகதத்தின் குரல் மட்டும் தனியாக, கழுவி எடுத்த மாதிரி நிற்கப்போகிறது. மிச்சத்தை அவர் கேட்கவில்லை. பில் போடச் சொன்னார்.

தலையில் அதை மாட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்த முதல் நாள், பக்கத்து வீட்டு குளோரியா தயிருக்கு உறை வாங்க வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, அண்ணன் பிளேன் ஓட்டுறாரா?"

"இல்ல குளோரியா, போருக்குப் போயிருக்காரு. பால் வாங்கற நேரத்துக்கு வந்துடுவாரு."

"காதையே மூடிடுச்சே. நாம பேசினா கேக்குமா அவருக்கு?"

"மூடாதப்பவே கேக்காது."

எத்திராஜுக்கு இது ஒன்றும் கேட்கவில்லை. திரையின் மூலையில் பதிவு ஓடுகிறது என்று சொல்லும் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் எவனோ வந்து அவரைச் சுட்டான். அந்த மாதம் முழுக்க எவனெவனோ அவரைச் சுட்டான். இறங்கிய இடத்திலேயே செத்தார், மதில் ஏறும்போது செத்தார், ஒருமுறை தன் குண்டிலேயே செத்தார். அதைப் பற்றிக் கவலையில்லை. அவருடைய வேலை மரகதத்தைப் பேச வைப்பது. காபி கேட்டார். சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை எங்கே என்று கேட்டார். இதுவும் போதாதென்று அவள் தம்பியைக் குறை சொன்னார். சாதாரண நாளில் அந்த ஒரு பேச்சுக்கே சாயங்காலம் வரை பதில் வரும்.

ஆனால் மரகதம் சண்டைக்கு வரவில்லை. கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். உதடுகள் நிதானமாக அசைந்தன. வெகுநேரம் அசைந்தன. இடையில் ஒருமுறை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார். காதை அடைத்த பஞ்சுக்குள் துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்டது. கழற்றிக் கேட்கலாம்தான். கழற்றினால் மைக் நகர்ந்துவிடும். பதிவாகிக்கொண்டுதானே இருக்கிறது, பிறகு நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம். கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, "சரி, சரி" என்றார்.

தினமும் அவள் வந்து நின்றாள். தினமும் அவர் கட்டை விரலைக் காட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் கட்டோடு வீடு திரும்பிய மரகதம் அந்தக் கடகட கீபோர்டைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். திரையில் தமிழ் வர சௌம்யா வழி செய்து கொடுத்திருந்தாள். ஏதாவது வேண்டுமென்றால் மரகதம் நீளப் பொத்தானை நாலு தட்டுத் தட்டுவாள். எத்திராஜ் எங்கிருந்தாலும் ஓடி வருவார். அவள் வாய் திறந்து கூப்பிட்ட காலத்தில் இத்தனை வேகமாக வந்ததில்லை.

ஒரு மத்தியானம் அவள் கண்ணயர்ந்திருந்தாள். எத்திராஜ் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதல் நாள் பதிவைத் திறந்தார்.

"மரகதம், காபி." அவர் குரல்தான், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி. பிறகு நிசப்தம். ஃபேன் இல்லை, குக்கர் இல்லை. "மரகதம், என் கண்ணாடி எங்க?" நிசப்தம். "சரி, சரி."

அடுத்த நாளைத் திறந்தார். மரகதம். நிசப்தம். சரி, சரி. எல்லா நாளும் அப்படியே.

ரயானுக்கு ஃபோன் போட்டார். வாய்க்குப் பக்கத்தில் வருவதைத் தவிர எல்லாமே அதற்கு இரைச்சல்தான், அன்றைக்கே சொன்னேனே அங்கிள் என்றார் ரயான். கழித்ததை மீட்க முடியுமா? முடியாது. அது உள்ளேயே வரவில்லை.

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் மரகதம் நின்றிருந்தாள். அவர் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றி, கழுத்துக் கட்டின் மேல் படாமல் தன் காதில் வைத்துக் கேட்டாள். சற்று நேரத்தில் அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டை இழுத்துக்கொண்டாள்.

"சிவப்புப் புள்ளி எரிஞ்சா ரெக்கார்டுன்னு எனக்குத் தெரியும். சௌம்யா வீட்லேர்ந்து ஆபீஸ் வேலை பாத்தப்ப பாத்திருக்கேன்."

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார். கீபோர்டு மறுபடி கடகடத்தது.

"மூஞ்சிக்கு நேரா பேசுன்னா எனக்கு வரல. நீங்க ஆடற மாதிரி நடிச்சீங்க. நான் தெரியாத மாதிரி நடிச்சேன். அப்பதான் வந்துச்சு. இத்தனை வருஷமா சொல்லாததெல்லாம் சொன்னேன்."

"என்ன சொன்ன மரகதம்?"

அவள் அவரைப் பார்த்தாள். வானவில் விளக்குகள் அவள் விரல்களின் மேல் ஓடின. தட்டி முடித்து, திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்க அங்கதான இருந்தீங்க?"