பர்மனென்ட் கிளார்க் எ. ஜோன்

அன்னிக்கு எனக்குக் கொடுத்த வேலை ரொம்ப சாதாரணம். போட்டாதாங் ஜெட்டியில கட்டியிருந்த ஒரு கப்பல்ல இருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு, நாலு மணிக்குள்ள பந்தாட்ட மைதானத்துக்கு வந்து சேரணும். அவ்வளவுதான்.

இது அறுபதுகளோட ஆரம்பம். ரங்கூன்ல கடை, கிட்டங்கி எல்லாம் சர்க்கார் கைக்குப் போறதுக்கு முந்தி. ஸ்ட்ராண்டு ரோட்டுல ஒரு அரிசிக் கிட்டங்கியில நான் மூட்டை எண்ணுற கிளார்க்கு. டெம்பரவரி. ரெண்டு வருஷமா டெம்பரவரி.

அப்ப என் பேரு ஆ. சவரிமுத்து.

எனக்குப் பொண்ணு பார்த்து வச்சிருந்தாங்க. பொண்ணுக்கும் என்னைப் பிடிச்சிருந்தது, எனக்கும் பிடிச்சிருந்தது. அவ அப்பா மட்டும் ரயில்வேக்காரர். "பையன் தங்கமான பையன். ஆனா டெம்பரவரிக்குப் பொண்ணு குடுக்கிற வழக்கம் எங்க வீட்டுல இல்ல"ன்னுட்டார். அந்தப் பொண்ணு கிடைக்கிறதும் கிடைக்காததும் ஒரு ஆர்டர்லதான் இருந்தது.

அந்த ஆர்டர் எங்க பெரிய கிளார்க் சோலைமுத்து ஐயா கையில. அவர்தான் எங்க கிட்டங்கி ஃபுட்பால் டீமுக்கும் செகரட்டரி. மூணு வருஷமா மில் டீம்கிட்ட தோத்து, மனுஷன் அந்த மில் இருக்கிற ரோட்டுப் பக்கமே போறதை விட்டுட்டார்.

அந்த வாரம் ஜெட்டியில ஒரு வெள்ளைக்காரக் கப்பல் வந்து நின்னுது. அதுல ஒருத்தன், பனைமரம் ஒசரம், சாயங்காலமானா கூலிக்காரங்களோட பந்து உதைப்பான். ஒரு உதை உதைச்சான் பாருங்க, பந்து எங்க கிட்டங்கிக் கூரையைத் தாண்டி அந்தப் பக்கம் மொஹிங்கா மீன்சாறு விக்கிற அம்மாவோட சட்டிக்குள்ள போய் விழுந்துது. அந்தம்மா போட்ட சத்தத்துல ஐயா வெளிய ஓடி வந்தார். சட்டியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார்.

"சவரி, இவன் யாரு, எந்த ஊரு, சனிக்கிழமை வரைக்கும் இருப்பானா, கேளு."

கேட்டேன். அவனுக்கும் இங்கிலீஷ் பாதி, எனக்கும் பாதி. ரெண்டையும் சேர்த்து ஒப்பேத்திட்டோம். ஊரு ஐஸ்லாந்து. பேரு ஜோன். அவங்க ஊர்ல குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாதாம், அப்பா பேரைத்தான் சேர்த்துக்குவாங்களாம். அவன் அப்பா பேரு எய்னார், அவரும் கப்பல்காரர்தான். எனக்கு ஒரே சந்தோஷம். "அட, நம்ம ஆளு!"ன்னு தோள்ல தட்டினேன். அவனுக்கு ஒண்ணும் புரியல, இருந்தாலும் சிரிச்சான்.

ஒரு சிக்கல் இருந்தது. லீக் சட்டப்படி பர்மனென்ட் ஆளுங்கதான் டீம்ல ஆடலாம்.

ஐயா அசரல. மறுநாளே மேனேஜர் ஊ தெய்ன் கையெழுத்தோட ஒரு ஆர்டர் வந்துட்டுது. 'எ. ஜோன், மூட்டை எண்ணும் கிளார்க், பர்மனென்ட்.'

எனக்கு வயிறு எரிஞ்சுது. ரெண்டு வருஷமா நான் எண்ணுறேன். அவன் ஒரு மூட்டையைக்கூட எண்ணல. மூஞ்சியை மறைக்கத் தெரியாம நின்னேன் போல. ஐயா சொன்னார், "தம்பி, இவனைப் பத்திரமா மைதானத்துல கொண்டு வந்து சேர்த்துடு. நாம ஜெயிச்சா அடுத்த ஆர்டர் உனக்கு."

"சேர்த்துடுறேன் ஐயா."

"ஒரு சின்ன வரவேற்புப் பத்திரமும் எழுதிடு. மரியாதைக்கு."

அங்கதான் எனக்குச் சனி பிடிச்சுது. மிஷன் ஸ்கூல்ல தமிழ்க் கட்டுரைக்குப் பரிசு வாங்கினவன் நான். சும்மா எழுத வருமா? கப்பலுக்கே போய், "எங்கெங்க ஆடியிருக்கே?"ன்னு கேட்டேன். அவன் விரல் விட ஆரம்பிச்சான். சொந்த ஊர்ல நாலு வருஷம். கோபன்ஹேகன்ல ஒரு குளிர்காலம். ஹாம்பர்க், அபர்டீன், லிஸ்பன். அப்புறம் கப்பல் வேலை. கப்பல் எந்தத் துறைமுகத்துல நின்னாலும் அந்த ஊர் டீமுக்கு ஆடுவானாம். அலெக்சாந்திரியாவுல ரெண்டு ஆட்டம், ஏடன்ல ஒண்ணு, பம்பாய்ல அரை ஆட்டம், அதுக்குள்ள கப்பல் ஊதிடுச்சாம். மொத்தம் பதினேழு ஊர். பதினேழையும் எழுதினேன். ஊருக்கு ஒரு பத்தி. கண்ணாடிச் சட்டமும் போட்டேன்.

சனிக்கிழமை மூணரைக்கே ஜோனைச் சைக்கார் ரிக்‌ஷாவுல ஏத்தி மைதானத்துக்குக் கொண்டு வந்துட்டேன். கப்பல் அதிகாரி ஒண்ணே ஒண்ணு சொல்லி அனுப்பினார். அஞ்சு மணிக்கு ஆள் கப்பல்ல இருக்கணும், ஆத்துல தண்ணி ஏறுற நேரத்துல கிளம்புறோம்னு. நான் கணக்குப் போட்டேன். நாலு மணி ஆட்டம். நாலே முக்காலுக்குக் கிளம்பினாப் போதும். அதுக்குள்ள மூணு கோல் போட்டுடுவான்.

கணக்குல பத்திரத்தைச் சேர்க்க மறந்துட்டேன்.

சாமந்தி மாலை போட்டோம். பொன்னாடை போர்த்தினோம். நான் தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சேன். "பனிமலை நாட்டின் பந்தாட்டப் பெருமகனே! வடகடல் தந்த வேங்கையே! வருக, வருக!"

கூட்டம் கை தட்டுச்சு. நான் வாசிக்கிறது அயல்நாட்டு வேங்கைன்னு, லிஸ்ட்ல இருக்கிறது எங்க கிட்டங்கிக் கிளார்க்குன்னு. இதை யாரும் கேட்கல. தமிழ் அவ்வளவு நல்லா இருந்தது.

கோபன்ஹேகனுக்குக் கை தட்டினாங்க. ஹாம்பர்க்குக்கு விசில். ஜோன் ஒவ்வொரு ஊர்ப் பேருக்கும் குனிஞ்சு கும்பிட்டான். குனிஞ்சு நிமிரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் சிவந்தான். லிஸ்பன் வரும்போது அவன் காது மிளகாப்பழம் மாதிரி ஆகிட்டுது. ஐயா பின்னால இருந்து என் சட்டையை இழுத்தார். நான் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டு ஏடனை ரெண்டு தடவை வாசிச்சேன்.

ஒரு வழியா முடிச்சேன். மேனேஜர் ஊ தெய்ன் எழுந்தார். "ரொம்ப அருமை. எனக்குத்தான் ஒண்ணும் புரியல. பர்மா பாஷையில சொல்லு"ன்னார்.

மேனேஜர். பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடுற கை. நான் என்ன செய்ய? பதினேழு ஊரையும் பர்மால சொன்னேன். தமிழைவிட நல்லா வந்துட்டுது, அதான் கொடுமை.

முடிச்சுட்டு ஜோனைப் பார்த்தேன். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துட்டிருந்தான். நாலு முப்பத்தெட்டு.

அவன் மாலையைக் கழட்டல, பொன்னாடையைக் கழட்டல. கண்ணாடிச் சட்டத்தை அக்குள்ல இடுக்கிக்கிட்டு எல்லாருக்கும் கை கொடுத்தான். ரெஃப்ரிக்கும் கொடுத்தான், எதிர் டீம் கோலிக்கும் கொடுத்தான். "எந்த ஊர்லயும் எனக்கு இப்படிச் செஞ்சதில்ல"ன்னு என்கிட்ட சொன்னான். கண்ணு கலங்கியிருந்தது. சைக்கார்ல ஏறிப் போயே போயிட்டான். பந்தைத் தொடல.

ரெஃப்ரி கோ லா லிஸ்ட்டை வாசிக்க ஆரம்பிச்சார். பத்துப் பேர் "இருக்கேன்"னாங்க. பதினொண்ணாவது, "எ. ஜோன்."

ஐயா என் முதுகுல கை வச்சுத் தள்ளினார். "இருக்கான்."

"ஐயா, நான் சவரிமுத்து."

"இனி ஒரு வார்த்தை வாசிச்சே, கொன்னுடுவேன். இறங்கு."

கோ லா என்னை மேலயும் கீழயும் பார்த்தார். லோன்ஜியை மடிச்சுக் கட்டி, கறுப்பா, அஞ்சே காலடியில நிக்கிறேன். "ஐஸ்லாந்துக்காரன்னு சொன்னாங்களே?"

"வெயில்ல நின்னு கறுத்துட்டான்"னார் ஐயா.

மில் டீம் கேப்டன் சிரிச்ச சிரிப்புல புகாரே கொடுக்கல. எதுக்குக் கொடுக்கணும்? எங்களுக்கு ஆறு கோல் போட்டாங்க. பந்து என் பக்கம் ஒரே தடவை வந்துது. நான் ஒதுங்கி வழி விட்டேன்.

திங்கட்கிழமை ஐயா கூப்பிட்டார். சரி, டெம்பரவரியும் போச்சுன்னு நினைச்சுக்கிட்டே போனேன். பொண்ணு வீட்டுக்கு என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் யோசனை.

ஐயா மூஞ்சி என்னோடதைவிட மோசமா இருந்தது. மேசை மேல தலைமை ஆபீஸ் கடுதாசி. 'பர்மனென்ட் கிளார்க் எ. ஜோன் வேலையில் சேர்ந்த நாள் முதல் வரவில்லை. விளக்கம் தேவை.'

"இல்லாத ஆளுக்கு ஆர்டர் போட்டேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும், சவரி."

ஐயா கடுதாசியை என் பக்கம் தள்ளினார்.

"மைதானத்துல நீதானே ஜோன்?"

"ஆமா ஐயா."

"ஊரே பார்த்துச்சு. ரெஃப்ரி ஒத்துக்கிட்டார். அப்ப ஆபீஸ்லயும் நீயே ஜோனா இருந்துடு. சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையன், ஜோன்னு பேரு இருந்தா யாரு கேட்கப் போறா?"

அப்படித்தான் எனக்கு வேலை பர்மனென்ட் ஆச்சு. ரயில்வேக்காரர் ஆர்டரை ரெண்டு தடவை படிச்சார். பேரைவிட்டுட்டுப் 'பர்மனென்ட்'டை மட்டும் தடவிப் பார்த்துட்டு, தேதி குறிக்கச் சொல்லிட்டார்.

முதல் சம்பளச் சீட்டை வீட்டுக்குக் கொண்டு போனேன். அம்மா அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அப்பா மூக்குக்கண்ணாடி போட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சார்.

"ஜோன். சரி, நல்ல பேருதான். முன்னால நம்ம 'ஆ' எங்கடா? இது என்ன 'எ'?"

"எய்னார், அப்பா."

"அது யாரு?"

"ஐஸ்லாந்துல ஒரு கப்பல்காரர்."

அப்பா கண்ணாடியைக் கழட்டினார். மெதுவா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.