காலி சீட்டுக்குப் பெல்ட் மாட்டியவன்

பேய்க்கு சீட் பெல்ட் மாட்டிவிட்ட ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும், "மன்னிச்சுக்குங்க, இறுக்கமா இருந்தா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு மாட்டினேன். படித்த பிள்ளை அல்லவா, மரியாதை தெரியும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோள மூட்டை தூக்குகிறவர். ரேஷன் கடையானாலும் ரிஜிஸ்டர் ஆபீஸானாலும் பெருவிரல்தான் அவருடைய கையெழுத்து. அதனால் நான் வாங்கிய மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டத்தை எங்கள் வீட்டில் யாரும் காகிதமாகப் பார்ப்பதில்லை. அதுவும் ஓர் ஆள். வெளிநாட்டு வேலைக்காக அதன் முதுகில் நோட்டரி, மாநில அரசு, டெல்லி, தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். அதற்காகச் சென்னைக்குக் கொண்டுபோனவர் அப்பாதான். (பஸ்ஸில் வழியெல்லாம் நெஞ்சோடு அணைத்தபடியே வந்தாராம். என்னை அப்படித் தூக்கியதாக எனக்கு ஞாபகமில்லை.)

அத்தனை முத்திரையோடு ஷார்ஜாவில் வந்திறங்கிய என் விசாவில் எழுதியிருந்த வேலை: ஹெல்பர். சனையாவில், அதாவது கராஜும் பட்டறையும் தோளோடு தோள் இடிக்கிற தொழிற்பேட்டையில், ஒரு கராஜின் வாசல் மேசை எனக்கு. வருகிற வண்டியை எழுதிக்கொள்ள வேண்டும், சாவியை ஆணியில் மாட்ட வேண்டும், டீ சொல்ல வேண்டும். இரண்டு வருடம் கழித்து சூப்பர்வைசர் இடம் காலியானது. விசாவில் பதவியை மாற்ற ஒரிஜினல் பட்டத்தை நேரில் காட்ட வேண்டுமாம். எங்கள் மந்தூப், கம்பெனிக்காக அரசு அலுவலகங்களில் ஏறி இறங்குகிற எகிப்துக்காரர், உருதுவும் அரபியும் கலந்து முடிவாகச் சொல்லிவிட்டார்: நாளைக் காலை பதினோரு மணி, ஒரிஜினல். இல்லையென்றால் கலாஸ், கதை முடிந்தது.

அந்தக் காலையில்தான் நான் டயர் சுழற்றக் கற்றுக்கொண்டேன்.

கராஜில் ஒரு அமெரிக்க மசில் கார் நின்றது. கறுப்பு. மூக்கு மட்டுமே ஓர் ஆள் நீளம். கியரைக் கையால் போடுகிற வண்டி. மூன்று வருடம் போர்வைக்குள் கிடந்ததாகச் சொல்லி ஓர் இளைய அரபி கொண்டுவந்து விட்டார். "என் அண்ணனுடையது. அவர் இப்போது ஓட்டுவதில்லை" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். உள்ளே ஊது அத்தர் வாசனை, யாரோ இப்போதுதான் சட்டையில் பூசிக்கொண்டு இறங்கினதுபோல.

கிளட்சைப் புதிதாக மாற்றியவன் செய்யது. அதிராம்பட்டினத்துக்காரன், என் வயதுதான், காதை வைத்தே கியர்பாக்ஸுக்கு வைத்தியம் பார்ப்பவன். வண்டிக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வண்டி நின்ற இடத்திலேயே பின்டயர் இரண்டும் சேர்ந்து சுழன்று புகை கக்க வேண்டும், அதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

"நீயே சுத்திக் காட்டிரேன் பாய்" என்றேன்.

"என் லைசன்ஸு ஆட்டோமேட்டிக்டா. கியர் வண்டிய அக்கு அக்கா பிரிக்கலாம், ரோட்டுல ஓட்டக் கூடாது. நீதான் நாலு தடவ ஃபெயிலாகி மேனுவல் லைசன்ஸ் வாங்கி வச்சிருக்கியே, இன்ஜினியரே."

உண்மை. கற்பதென்றால் முழுதாகக் கற்க வேண்டும் என்று மேனுவலுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் கான் சாப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, மெதுவாக என்று உருதுவில், "கிளட்ச் ஆஹிஸ்தா! ஆஹிஸ்தா!" என்று ஐம்பது வகுப்பு ஓதியிருந்தார். என் இடது கால், கிளட்சைப் பூப்போல விடுவதில் முனைவர் பட்டம் பெற்ற கால். ஆனால் டயரைச் சுழற்ற வேண்டுமானால் அதைப் படாரென்று விட வேண்டும். இந்த முரண்பாட்டை நான் கவனித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "தியரி தெரியும்" என்றேன்.

அந்த அரபியின் குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே வேலி போட்ட நிலம் ஒன்று இருந்தது. அங்கே சுற்றிக்கொள்ளச் சொல்லி கேட் சாவியையும் கொடுத்திருந்தார். காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பட்டம் வைத்த ஃபைலும் என்னோடுதான் வந்தது. (ரூமில் வைத்துவிட்டு வரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆறு பேர் இருக்கிற ரூம். என் பட்டத்தை அவர்களை நம்பி விடுவதா? கழிவறைக்குக்கூட அதைக் கொண்டுபோகிற காலம் அது.)

கேட்டைத் தாண்டினால் பனிமூட்டம். அங்கே குளிர்காலக் காலையில் சில நாள் இப்படி இறங்கும். உலகத்தை யாரோ ரப்பரால் அழித்துவிட்டு, நடுவில் பத்தடியை மட்டும் மறந்து விட்டுவிட்டதுபோல. தார் ரோடு இருந்தது. நடைபாதைக் கல், விளக்குக் கம்பம், ரவுண்டானா எல்லாம் இருந்தன. "தெரு 14" என்று பலகையும் இருந்தது. வீடுதான் ஒன்றுகூட இல்லை. காலனி கட்ட ஆரம்பித்து, தெருக்களோடு நிறுத்திவிட்டார்களாம். ஒரு பஸ் ஸ்டாப் கண்ணில் பட்டது. அதன் பெஞ்சில் மட்டும் மணல் படியாமல் சுத்தமாக, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம்.

"இங்க யாரு வந்து உக்காருறா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுக்கு நிப்பாங்க" என்றான் செய்யது. சிரிக்கவில்லை. "பிஸ்மி சொல்லிட்டு ஆரம்பி. நீ என்னத்தையாவது சொல்லிக்க."

நான் முருகனைக் கூப்பிட்டுவிட்டு சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உறுமியது. உடனே உள்ளே, டிங், டிங், டிங். டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு சின்ன உருவம், உட்கார்ந்த நிலையில், மார்பில் குறுக்குக்கோடு. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை.

செய்யது வெளியே நின்றிருந்தான். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

"பாய்... இது ஆள் இருக்குங்குது."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "அட ஓன் ஃபைலுடா! அந்தச் சீட்டு கனத்த வச்சிக் கண்டுபிடிக்கும். எத்தன கிலோ படிச்சிருக்க நீ? எடு அத."

எடுத்தேன். சத்தம் நின்றது. இறங்கி நின்று, ஃபைலை எங்கே வைப்பது என்று யோசித்து, ஒரு நிமிடம்தானே என்று கார் கூரைமேல் வைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் முயற்சி. ஃபர்ஸ்ட் கியர், ஆக்சிலேட்டர், கிளட்ச். என் கால் பூப்போல விட்டது. வண்டி கல்யாண ஊர்வலம்போல நகர்ந்தது.

"பொண்ணு பாக்கவா போற? படார்னு விடு! விட்ட காலத் தூக்கி பிரேக்குல வை. முன்சக்கரம் நிக்கணும், பின்சக்கரம் சுத்தணும்!"

இரண்டாவது முயற்சியில் வண்டி குதித்து அணைந்தது. மூன்றாவதில் அசையவே இல்லை. ஹேண்ட்பிரேக்கைப் போட்டிருந்தேன். (நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் போட வேண்டும் என்று கான் சாப் சொல்லியிருக்கிறார்.) சுழல வேண்டிய சக்கரத்தையே கட்டிப்போட்டுவிட்டு அதைச் சுழலச் சொல்கிற இன்ஜினியரை செய்யது மேலும் கீழுமாகப் பார்த்தான்.

"நா தூரமாப் போயி கேமரா ஆன் பண்ணிர்றேன். நான் கத்துன ஒடனே விடு" என்று சொல்லிவிட்டு நடந்தான். நாலு எட்டில் கால் மறைந்தது. ஆறாவது எட்டில் ஆளே இல்லை.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஊது வாசனை கொஞ்சம் கூடியிருந்தது. ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு சாவியைத் திருப்பினேன்.

டிங். டிங். டிங்.

சிவப்பு உருவம் உட்கார்ந்திருந்தது. சீட்டைப் பார்த்தேன். காலி. கையால் தடவிப் பார்த்தேன். தோல் சீட், பனிக் காலை, ஐஸ்போல இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது.

"பாய்!"

"ரெடியா?" என்று குரல் வந்தது. எந்தப் பக்கமிருந்து என்று சொல்ல முடியாது. பனியில் குரலுக்குத் திசை இல்லை.

டிங். டிங். டிங்.

ஓடியிருக்கலாம். ஆனால் எங்கே ஓடுவது? தெரு 14-க்கா? அந்தப் பஸ் ஸ்டாப்புக்கா? எனக்குத் தெரிந்த ஒரே வழி, எந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் அது சொல்வதைச் செய்வதுதான். பெல்ட்டை இழுத்து, காலி சீட்டுக்குக் குறுக்கே கொண்டுவந்து, மேலே சொன்ன மரியாதை வார்த்தைகளோடு மாட்டினேன். கிளிக்.

சத்தம் நின்றது. அதுவரை இருந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. விளக்கு திருப்தியடைந்துவிட்டது. அப்படியென்றால் பெல்ட் போட ஓர் ஆள் இருந்திருக்கிறார்.

"விடுடா!" என்று செய்யது கத்தினான்.

அதே நொடியில் என் தலைக்குமேல், கூரையில், சர்ரென்று ஏதோ ஊர்ந்தது. விரல் நகத்தால் இழுப்பதுபோல.

ஐம்பது வகுப்பும் ஒரே மூச்சில் மறந்துபோயின. வலது கால் ஆக்சிலேட்டரைத் தரைவரை அழுத்தியது. இடது கால் கிளட்சிலிருந்து தானாக எகிறிப் பிரேக்கில் போய் விழுந்தது. வண்டி அலறியது. ஈரத் தாரில் பின்டயர்கள் சுழன்று, ஈரம் காய்ந்து, புகை கிளம்பியது. வெள்ளைப் புகை வெள்ளைப் பனியில் கலந்தது. பானெட் மறைந்தது, கண்ணாடி மறைந்தது, என் கையே மறைந்தது. வால் பக்கம் ஒருபுறமாக விலக ஆரம்பித்தது. வண்டி நின்ற இடத்தில் நின்றபடி மெதுவாகத் திரும்புகிறது, என்னைக் கேட்காமல். எங்கோ வெளியே செய்யது, "மாஷா அல்லாஹ்! ரெண்டும் சுத்துது!" என்று கூவுகிறான். நான் உள்ளே, "அம்மா, அம்மா" என்கிறேன். பிரேக்கிலிருந்து கால் நழுவியது. வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்து, எதன்மீதோ ஏறி இறங்கி, அணைந்தது.

கதவைத் திறந்து உருண்டு விழுந்தேன். நாலு காலில் தவழ்ந்துதான் செய்யதிடம் போனேன்.

"உள்ள ஆள் இருக்கு."

"யாரு?"

"தெரியல. பெல்ட் போட்டு விட்டிருக்கேன்."

அவன் என்னைப் பார்த்தான், காரைப் பார்த்தான், என் கையைப் பிடித்தபடி நடந்தான். இரண்டு பேரும் சேர்ந்து எட்டிப் பார்த்தோம். சீட் காலி. பெல்ட் கழன்று, தன் இடத்தில் ஒழுங்காகச் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் கழட்டல" என்றேன்.

"நான் கிட்டக்கவே வரல. வீடியோ இன்னும் ஓடுது பாரு" என்றான். பிறகு சொன்னான்: "எறங்கிட்டாஹ போல. ஓன் ஓட்டு அப்புடி. ஜின்னுக்கும் உசுரு பயம் இருக்கும்ல."

சிரிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் வண்டிக்குப் பின்னால், கறுப்புத் தடத்தின் முடிவில், என் ஃபைல் வாய் பிளந்து கிடந்ததைப் பார்த்தேன்.

கூரையில் ஊர்ந்தது அதுதான். பிளாஸ்டிக் உறை உருகி ஒட்டியிருந்தது. பட்டம் மட்டும் வெளியே மல்லாந்து கிடந்தது. பழுக்கக் காய்ந்த டயர் அதன்மீது ஒரே ஒரு சுற்று போயிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்து என் பெயர் வரை குறுக்காக, கறுப்பாக, டயரின் ஒவ்வொரு ரேகையும் தெளிவாகப் பதிந்திருந்தது. கிழியவில்லை. ஈரத் தாரில் உட்கார்ந்து அழுதேன். பேய் இருந்த காரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோய்விட்டது. செய்யது தன் சட்டையைக் கழற்றி, அந்தக் காகிதத்தை ஒற்றி ஒற்றித் துடைத்தான்.

பதினோரு மணிக்கு மந்தூப் அதை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார். "ஷு ஹாதா?" என்றார், என்ன இது என்று.

"டயர், சார்."

திருப்பினார். முதுகில் அத்தனை முத்திரையும் பத்திரமாக இருந்தன. மறுபடி திருப்பினார். "நீ மெக்கானிக்கல்தானே?" என்று கேட்டு, தலையை ஆட்டிக்கொண்டே கவுண்டருக்குள் போனார். நான் வெளியே நின்ற நாற்பது நிமிடத்தில் ஹெல்பராகவே கிழவனாகிவிட்டேன். திரும்பி வந்தவர், "உள்ளே இருக்கும் பெண் பின்பக்கத்தை மட்டும்தான் பார்த்தாள். வேலை முடிந்தது, யல்லா, கிளம்பு" என்றார்.

அன்று சாயங்காலம் வண்டிக்காரர் வந்தார். நான் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "உங்கள் அண்ணன் எப்படிக் காலமானார்?" என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டார். அண்ணனுக்கு முதுகுவலியாம். நாலு பிள்ளைகளாம். பெரிய வேன் வாங்கிக்கொண்டாராம். இப்போதுதான் போனில் பேசினாராம்.

நிம்மதியாகத்தான் இருந்தது, ரூமுக்குப் போய்ப் படுக்கும்வரை. அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்றால், அன்றைக்கு இறங்கிப்போனவர் யார்? சென்சாரில் பனி ஈரம் ஏறியிருக்கும் என்றான் செய்யது. பெல்ட்டைப் பற்றி இன்றுவரை அவன் பேசுவதில்லை.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுப் பட்டத்தைக் காட்டினேன். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், தன் பெருவிரலைக் கேமராவுக்கு முன்னால் நீட்டி, டயர்த் தடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் காகிதத்துல எனக்குப் புரியிறது இது ஒண்ணுதான் சாமி. காரு கைநாட்டு வச்சிருக்கு."

நான் லீவில் கொண்டுபோனபோது அப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் முழுக்கதையும் சொல்கிறார், பேயே இறங்கி ஓடியதுவரை. நான் ஊரில் கார் எடுத்தால் முன்சீட்டில் யாரும் ஏறுவதில்லை. "அவரு உக்காரட்டும்" என்று பின்னால் நெருக்கிக்கொள்கிறார்கள். இப்போது நான் சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமைதோறும் அப்பா கூப்பிடுவார்.

"சாப்ட்டியா சாமி?"

"சாப்ட்டேம்பா."

கொஞ்சம் இடைவெளி விடுவார். பின்னால் அம்மா சிரிப்பை அடக்குவது கேட்கும்.

"அவரு?"

நானும் சிரித்துவிட்டு, "அவரும்தான்" என்பேன். பிறகு கராஜைப் பூட்டிவிட்டுக் கம்பெனி பிக்கப்பில் ஏறுவேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பக்கத்து சீட்டின் பெல்ட்டை மாட்டிவிட்டு, அப்புறம்தான் என்னுடையதை மாட்டுவேன்.