டிக்கியில் ஒரு குழி

நடுவழியில் டயர் பஞ்சராக, அவர் இறங்கிப்போய் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி இருக்கவேண்டிய குழியில் ‘உங்கள் பயணம் இனிதாகட்டும்’ என்ற ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தது. ஜாக்கி இல்லை, ஸ்பேனர் இல்லை, பஞ்சர் ஒட்ட ஒரு பசைக்குழாய்கூட இல்லை.

தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. வருமுன் காப்பது எப்படி என்று மாதாமாதம் வகுப்பெடுத்துத் தொழிலாளர்களைத் தூங்கவைப்பவர். பட்டப்பெயரே ‘முன்னெச்சரிக்கை’. வாடகைக் காரை எடுக்கும்போது டிக்கியை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

முன்சீட்டில் மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் அம்மா கண்மூடிச் சாய்ந்திருந்தாள். மாமனாரின் பிறந்தநாள் விருந்து. போன வருடம் இவருக்குத் தலைவலி. அதற்கு முந்தின வருடம் ஆபீஸில் ஆய்வு. இந்தத் தடவையும் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இனி உங்களோடு எங்கேயும் கிளம்பமாட்டேன் என்று மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். பாவம், இந்தத் தடவை அவர் நிஜமாகவே கிளம்பியிருந்தார்.

கார் கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்த பெண் தேனொழுகப் பேசினாள். எடை குறைந்தால் பெட்ரோல் மிச்சமாம். அதனால் ஸ்டெப்னி தருவதில்லையாம். ஆள் வரும்வரை எதையும் தொடவேண்டாம் என்றாள்.

தொடாமல் இருப்பாரா? “எங்கப்பா எவனுக்காகவும் இப்படிக் காத்துக் கிடந்ததில்ல” என்று சட்டைக் கையை மடித்தார். போகிற லாரியை மறித்து ஜாக்கியும் ஸ்பேனரும் இரவல் வாங்கினார். சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் கடைக்கு உருட்டிப் போவதாகத் திட்டம். சக்கரத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இறக்கத்தில் தானே உருண்டோடிக் கால்வாயில் குதித்தது. லாரிக்காரர் நேரமாகிறதென்று ஜாக்கியை உருவிக்கொண்டு போக, கார் ஒரு பக்கமாக மண்ணில் உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் கம்பெனி ஆள் பைக்கில் வந்து இறங்கினார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“பஞ்சர் ஒட்ட எல்லாம் கொண்டாந்திருக்கேன் சார். சக்கரம் எங்க?”

மனைவி இறங்கி வந்தாள். “வரப் பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாமேங்க. எதுக்கு இவ்வளவு கஷ்டம்?”

அவர் கால்வாய்ப் பக்கம் திரும்பினார். அப்பாவின் பழைய கார் கண்முன் வந்து நின்றது. விடுமுறைதோறும் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் பயணம். என்ன ராசியோ, ஊர் நெருங்கும்போது அந்த ஆற்றுப் பாலத்தருகேதான் டயர் போகும். எஞ்சின் சூடு ஆறட்டும் என்று அப்பா இறங்கிக் காரைச் சுற்றி வருவார். பார்த்தால் பின் டயரில் காற்றிருக்காது. முகம் சுளிக்கமாட்டார். சீட்டியடித்தபடி கழற்றுவார். நட்டுகளைத் தொப்பியில் ஏந்திக்கொண்டு சிறுவனான இவர் நிற்பார். ரப்பரும் கிரீஸும் கலந்த வாசனை, ஆற்றுக்காற்று, பிளாஸ்க் மூடியில் அம்மா ஊற்றித்தரும் காப்பி. அவசரம் என்பதே இல்லாத மத்தியானங்கள். போய்ச் சேரும்போது அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

“எங்கப்பா மட்டும் இருந்திருந்தா...” என்றார்.

அம்மா கண்ணைத் திறந்து, மருமகளை ஜன்னலருகே கூப்பிட்டாள்.

“இவனைச் சந்தேகப்படாதேம்மா, இது கலப்படமில்லாத முட்டாள்தனம், என் பொறந்த வீட்டுக்குப் போறப்பல்லாம் பாலத்துக்கிட்ட இறங்கி, தானே காத்தைப் பிடுங்கிவிட்டுட்டு, ‘ஐயையோ பஞ்சர்’னு வந்து நின்னவர் இவங்கப்பாதான்.”