கைதட்டலில் அமுங்கிய 'தா'

ஒலிபெருக்கியில் தன் பெயர் கேட்டால், கடைசி எழுத்துவரை பொறுத்திருந்து எழும்புகிறவர்கள் புத்திசாலிகள். நான் முதல் எழுத்திலேயே எழும்பியவன்.

யுத்தம் முடிந்திருந்த நேரம். சுனாமியில் கடல் கொண்டுபோன என் ஊர்ச் சாய்ந்தமருது மனிதர்களைப் பற்றிய என் கவிதைத் தொகுதியைத் தேசிய இலக்கிய விருதுக்கு அனுப்பியிருந்தேன். விழாவுக்கு அழைப்பு வந்தது. (நூல் அனுப்பிய எல்லோருக்கும்தான் வந்ததாம்.) நான் அதையே விருதாக எடுத்துக்கொண்டு, புதுச்சட்டை தைத்து, கொழும்பு பஸ்ஸில் வழிநெடுக நன்றியுரை மனப்பாடம் செய்தேன்.

நாவல், சிறுகதை, சிறுவர் இலக்கியம், மொழிபெயர்ப்பு, கவிதை என்று பிரிவு பிரிவாக விருதுகள். அறிவிப்பு சிங்களத்தில். என் சிங்களம் சோதனைச் சாவடியோடு சரி. "ஏ.எம். பரீத்" என்று என் பெயர் காதில் விழுந்ததும் மேடையில் நின்றேன். பிரதம விருந்தினர் கை குலுக்கினார். நான் மைக்கைப் பிடித்து, "என் சாய்ந்தமருது மக்களே..." என்று தொடங்கிவிட்டேன்.

அப்போதுதான் கைத்தடியோடு ஒரு பெண் படியேறி வந்தார். ஏ.எம். பரீதா, மொழிபெயர்ப்புப் பிரிவு. கடைசி 'தா' கைதட்டலில் அமுங்கியிருந்தது.

திரைக்குப் பின்னால் ஒளியலாமா என்று பார்த்தேன். திரை தூரத்தில் இருந்தது. அவர் என் கையைப் பற்றிக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். மண்டபமே கைதட்டியது.

கீழே இறங்கியதும், "என்ன ராத்தா சொன்னீங்க?" என்றேன். (எங்கள் பக்கம் அக்காவை ராத்தா என்போம்.)

"இவர் என்ட தம்பி, எனக்குக் கால் ஏலாது, படி சரியா இருக்கா எண்டு பார்க்க முந்தி வந்தவர் எண்டு சொன்னன்."

"தம்பியா?"

"ஓம். நீங்க சாய்ந்தமருது, நான் பக்கத்து ஊர் கல்முனைக்குடி. பிறகென்ன?"

சுனாமியில் கால் நொறுங்கி அம்பாறை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தவர் அவர். பக்கத்துக் கட்டில் சிங்களப் பெண்ணோடு கதைத்துக் கதைத்தே அந்த மொழியைப் படித்திருக்கிறார். அந்தச் சிங்களத்தில்தான் அன்று என் மானமும் தப்பியது.

கவிதைப் பிரிவில் வேறு யாரோ ஒருவரின் பெயரை வாசித்தார்கள். அதை மட்டும் முழுதாகக் கேட்டேன்.

பிறகு ராத்தா என் தொகுதியையே சிங்களத்துக்குக் கொண்டுபோனார். பாராட்டுக் கடிதங்கள் இன்னும் அவருக்குத்தான் வருகின்றன, எனக்குப் பொறாமையில்லை. (கொஞ்சம் இருக்கிறது.)

இப்போதும் நான் சட்டையை அயன் பண்ணி எங்காவது கிளம்பினால், மனைவி குசினியிலிருந்தே கேட்பாள்: "எங்க, படி பார்க்கவா?"